புண்ணுக்கு மேல் இன்னொரு மெத்தை

மாட்டுக் கழுத்தில் புண் வந்தால் நம்ம பக்கத்தில் யாரும் நுகத்தடிக்குத் துணி சுற்றிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. நுகம் எந்தப் பக்கம் சாய்கிறது, பூட்டாங்கயிறு எங்கே உரசுகிறது, ஜோடியில் எது உயரம் என்று பார்ப்பார்கள். ஆலம்பாடி மாடு கட்டி ஏர் ஓட்டிய பெரியவர்கள் புண் இருக்கும் இடத்தை வைத்தே நுகத்தடியின் கோளாறைச் சொல்லிவிடுவார்கள். அதே ஊரில் குதிரை முதுகில் புண் வந்தால் மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது ஒரே வைத்தியம்: சேணத்துக்கு அடியில் போடும் மெத்தையை இன்னும் தடிப்பாகப் போடு. ஓசூர், தளிப் பக்கத்துப் பண்ணைகளில் பெங்களூர் ரேஸில் ஓடி முடித்து வந்த குதிரைகளுக்கும் இதுதான், தர்மபுரியில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் காதுகுத்துக்கும் போகிற மட்டக்குதிரைகளுக்கும் இதுதான். கீழே ஒரு துணி, அதன்மேல் ஃபோம், அதற்கும் மேல் ஜெல். கடைசியில் சேணம் முதுகில் உட்காராமல் பரண்மேல் வைத்த பெட்டி மாதிரி ஆடுகிறது. புண் ஆறுவதில்லை. அடுத்த மாதம் இன்னொரு மெத்தை வருகிறது.

‘சேணம் கடிக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கடி இரண்டு வகை, இரண்டுக்கும் காரணம் வேறு. ஒன்று அழுத்தம். சேணத்தின் ஏதோ ஒரு விளிம்பு ஒரே இடத்தில் விடாமல் அமுக்கினால் தோலுக்குள் ஓடுகிற பொடி ரத்தக்குழாய்கள் மூடிக்கொள்ளும். மேலே ஒரு முடிகூடக் கலைந்திருக்காது. அடியில் சதை ரத்தமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று உரசல். மெத்தையோ, சேணத்தை வயிற்றைச் சுற்றிக் கட்டும் வாரோ தோல்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து, முதலில் முடியை உடைக்கும், பிறகு தோலை வழிக்கும். ஈரம் இந்த இரண்டையும் பெருக்கிவிடும். குதிரை வியர்வையில் நம் வியர்வையைவிட உப்பு அதிகம். காய்ந்த மெத்தையில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதைத் தட்டாமல் மறுநாள் போட்டால் நிஜமாகவே உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற கதைதான்.

தடித்த மெத்தை இதில் எதைச் சரிசெய்யும்? கடிக்கிற ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் கடி கூடுமே தவிரக் குறையாது. குறுகலான சேணத்துக்கு அடியில் தடிப்பு ஏற ஏற அது இன்னும் குறுகலாகிறது. உயரம் கூடுவதால் பக்கவாட்டில் உருளுகிறது. உருளாமலிருக்க வாரை இன்னும் இரண்டு ஓட்டை இழுக்கிறோம். இப்போது முதுகில் இருந்த புண்ணோடு அக்குளிலும் ஒன்று.

ஆகவே மெத்தை வாங்கக் கிளம்புமுன் மெத்தையே இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பாருங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற மேடு இருக்கிறதே, பிடரிமேடு, அதற்கும் சேணத்தின் குடைவுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் நுழைய வேண்டும். அதைத்தான் பலர் பார்ப்பதில்லை. முதுகெலும்பு நெடுகப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். சேணத்தின் அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் திண்டுக்கும் முதுகுக்கும் நடுவே உள்ளங்கையை முன்னிருந்து பின்னாக ஓட்டினால் ஒரே மாதிரி இறுக்கம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இறுகி நடுவில் கை லேசாகப் போனால் சேணம் பாலம் போட்டு நிற்கிறது. எந்த மெத்தையும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது.

கூடவே எடைக் கணக்கு. ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 450 கிலோ ரேஸ் குதிரைக்கு 90 கிலோ. 220 கிலோ மட்டக்குதிரைக்கு 44. முகூர்த்த நாளில் 75 கிலோ மாப்பிள்ளை அதன்மேல் இரண்டு மணி நேரம் மேளத்துக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தால் உலகத்தில் எந்த மெத்தை வாங்கியும் பயனில்லை.

பழைய வெள்ளை வேட்டி

சேணம் எங்கே அமுக்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. செலவு ஒரு பழைய வெள்ளை வேட்டி. ஒற்றை மடிப்பாக, சேணத்தைவிட ஒரு சாண் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். கரையையும் ஓரத்தில் மடித்துத் தைத்ததையும் வெட்டி எறியுங்கள். அந்தத் தையல் மேடே ஒரு புண்ணுக்குப் போதும். குதிரையை நன்றாகத் தேய்க்காமல், அன்றாட அழுக்கோடு விடுங்கள். வேட்டித்துணியைச் சுருக்கமில்லாமல் முதுகில் விரித்து, மேலே வழக்கமாகப் போடும் மெத்தை, சேணம். வழக்கமாக ஏறுகிறவரே ஏறி இருபது நிமிடம் நடையும் பெருநடையும் போகட்டும். அதற்குமேல் வேண்டாம், மெல்லிய துணி சுருண்டுகொள்ளும். இறங்கியதும் துணியை இழுக்காமல், சேணத்தை நேரே மேலே தூக்கி எடுத்து, தரையில் விரியுங்கள்.

சரியான சேணத்தில் நடுவே மூன்று நான்கு விரல் அகலத்துக்கு முதுகெலும்பு நெடுக ஒரு வெள்ளைப் பாதை கிடக்கும். இரண்டு பக்கமும் சீராக ஒரே அளவு சாம்பல் நிறம். பெரும்பாலும் அப்படி வராது. பிடரிமேட்டுக்கு இரண்டு பக்கத்திலும் உள்ளங்கை அளவுக்கு அடர்கறுப்பாக இருந்தால் சேணத்தின் முன்கட்டை குறுகல். முன்னும் பின்னும் கறுத்து நடுவில் வெளுத்திருந்தால் மேலே சொன்ன பாலம். நடுவெள்ளைப் பாதை ஒரு பக்கம் வளைந்து போயிருந்தால் ஏறுகிறவர் சாய்ந்து உட்காருகிறார், அல்லது கால் வைக்கும் அங்கவடியின் வார் ஒன்று நீளம். எப்போதும் இடப்பக்கமிருந்தே ஏறிக் குதிரையை அந்தப் பக்கமே இழுத்து இழுத்து வந்தவர்களின் துணியில் இந்த வளைவு தவறாமல் இருக்கும்.

துணியோடு முதுகையும் பார்க்க வேண்டும். சுற்றிலும் வியர்த்திருக்க, நடுவில் ஒரு வட்டம் மட்டும் காய்ந்து கிடந்தால் அதைப் பார்த்து ‘இங்கே வியர்க்கவில்லை, நல்லது’ என்று நினைப்பவர்கள் உண்டு. கதை நேர்மாறு. அந்த இடத்தில் ஒன்று சேணம் படவே இல்லை, அல்லது வியர்வைச் சுரப்பி வேலை செய்யாத அளவுக்கு அமுக்கியிருக்கிறது. எது என்று வேட்டி சொல்லும்: காய்ந்த வட்டத்துக்கு நேரே துணியும் வெள்ளையாக இருந்தால் படவில்லை, கறுத்திருந்தால் அமுக்கல். முடி சுழித்தோ எதிர்ப்பக்கம் கலைந்தோ இருந்தால் அது உரசல். முதுகுப் புண்ணில் என் அபிப்பிராயம் மாறாமல் நிற்பது இந்தத் துணியால்தான். கறுப்புத் திட்டு இருக்கும் துணியை வைத்துக்கொண்டு, அதே குதிரைக்கு இன்னொரு மெத்தை சேர்த்து மறுபடி செய்து பாருங்கள். திட்டு கொஞ்சம் பெரிதாகும், அல்லது அரை அங்குலம் நகரும். போகாது.

மெத்தை சேர்ப்பது நியாயமாகிற இடம் ஒன்று உண்டு. நோயிலோ நீண்ட ஓய்விலோ தோளுக்குப் பின்னால் சதை வற்றிப்போன குதிரைக்குச் சேணம் முன்பக்கம் சரியும். அப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவாக 6 முதல் 8 மில்லிமீட்டர் ஃபெல்ட் (ரோமத்தை அமுக்கிச் செய்த தடித்த துணி) துண்டு, விளிம்பு செதுக்கி மெலிதாக்கி, தோள் பக்கம் வைக்கலாம். சதை ஏறியதும் எடுத்துவிட வேண்டும். வைத்ததை மறப்பதில்தான் அடுத்த புண் பிறக்கிறது.

எந்த மெத்தை

சேணம் ஓரளவுக்காவது பொருந்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி மெத்தைக்கு இருக்கும் வேலை வியர்வையை வாங்குவது, சின்னச் சின்ன மேடுபள்ளத்தைச் சமன் செய்வது, அவ்வளவே. அந்த வேலைக்குக் கம்பளி ரோமத்தை இன்னும் எதுவும் தோற்கடிக்கவில்லை. ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அமுங்கினாலும் மறுபடி எழும்பும். சாதாரண ஆங்கிலச் சேணத்துக்கு 12 மில்லிமீட்டர் ஃபெல்ட் போதும். அமெரிக்க வகைப் பெரிய சேணத்துக்கு முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம். பருத்தி மெத்தை தினம் துவைக்க வசதி, ஓசூர் குளிரில் ஒரு மணி நேரச் சவாரிக்குத் தாராளம். சித்திரை வைகாசித் தர்மபுரி வெயிலில் அரை மணியில் நனைந்து கனத்துவிடும்.

நியோப்ரீனை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அது ரப்பர். வழுக்காது என்று விற்கிறார்கள், வழுக்காமல் பிடித்துக்கொள்வதால்தான் தோலையும் சேர்த்து இழுக்கிறது; சூடும் வெளியே போகாது. விலை மலிவான ஃபோமுக்கு ஒரு சோதனை: மேசைமேல் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, மேலே மெத்தையைப் போட்டு, முஷ்டியால் முழுப் பலத்தோடு அமுக்குங்கள். நாணயத்தின் விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டால், ஆள் ஏறிய பத்தாவது நிமிடத்தில் அந்த மெத்தை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வடிவத்தில் பார்க்க வேண்டியவை: முதுகுக்கோட்டில் பிடரிமேட்டுக்கு ஏற்ப மேலே எழும்பும் வளைவு, நேர்க்கோடாக வெட்டியதை அப்படியே போட்டால் மேட்டின்மேல் இழுபட்டு நிற்கும். சேணத்தைவிடச் சுற்றிலும் ஒன்றரை அங்குலமாவது வெளியே நீள வேண்டும். மெத்தையின் ஓரப்பட்டியும் சேணத்தின் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று வந்தால் அங்கே கோடு போட்டாற்போல் முடி உதிரும். வெல்க்ரோ, பிராண்ட் சீட்டு, வார் நுழைக்கிற பட்டை இவை எதுவும் குதிரையைத் தொடும் பக்கம் இருக்கக் கூடாது. கையை நனைத்துக்கொண்டு உள்பக்கம் முழுக்கத் தடவுங்கள். விரலுக்கு உறுத்துவது தோலுக்கும் உறுத்தும்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கைவசம் இன்னொன்று இருக்கிறது. குறும்பர் நெய்கிற கறுப்புக் கம்பளி. குதிரைப்படைகளில் நெடுங்காலம் சேணத்துக்கு அடியில் மடித்துப் போட்டது கம்பளிதான். ஓசூர் மத்திகிரிப் பண்ணையும் ஒருகாலத்தில் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்த இடம்தானே. கம்பளியின் லாபம், மெலிந்த குதிரைக்கு ஒரு மடிப்புக் கூட்டலாம், கொழுத்ததற்குக் குறைக்கலாம், நனைந்த பக்கத்தை உள்ளே மடித்து உலர்ந்ததை வெளியே கொண்டுவரலாம். மடிப்பில்தான் சூட்சுமம். வழவழப்பான மடிப்பு விளிம்பு முன்பக்கம், பிடரிமேட்டை நோக்கி வர வேண்டும். பிரிந்த ஓரங்கள் பின்னால் போக வேண்டும். மடிக்குமுன் உதறி, வைக்கோல், முள், நாயுருவி விதை எல்லாம் பொறுக்க வேண்டும். புதுக் கம்பளி சொரசொரக்கும்; ஆறிய தண்ணீரில் நான்கைந்து முறை அலசினால் இளகும். வெந்நீர் ஆகாது, சுருங்கிவிடும். சாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். சணல் நார் முடியை அறுக்கும்.

போடும் விதத்தை எந்தக் கடையிலும் சொல்லித்தருவதில்லை. மெத்தையைத் தேவையான இடத்துக்கு ஒரு சாண் முன்னால், கழுத்துப் பக்கம் வைத்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள். கூடுதலாகப் பின்னால் போய்விட்டால் முன்னுக்குத் தள்ளக் கூடாது, தூக்கி மறுபடி முன்னே வைத்துத் தொடங்க வேண்டும். சேணம் வைத்ததும், வார் கட்டுமுன், மெத்தையின் நடுவை விரலால் சேணக் குடைவுக்குள் கூடாரம்போல் மேலே தூக்கிவிட வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாததால்தான் நல்ல விலை கொடுத்த மெத்தையும் பிடரிமேட்டை வெட்டுகிறது.

வயிற்றுவார்

கர்த் என்று குதிரை பார்த்துக்கொள்ளும் சைஸ்காரர்கள் சொல்வதும், அமெரிக்கச் சேணத்தில் சின்ச் என்பதும் இதுதான். முனியப்பன் கோயில் சிமெண்டுக் குதிரைகளில் வயிற்றின் நடு மத்தியில் சிவப்புப் பட்டை வரைந்திருப்பார்கள். அழகுக்குச் சரி. உயிருள்ள குதிரையில் வார் இருக்க வேண்டிய இடம் முன்னங்கால் முழங்கைக்கு நான்கு விரல் பின்னால், நெஞ்செலும்பின்மேல். அங்கேதான் தோல் மெல்லியது, அடி வைக்கும்போதெல்லாம் மடிந்து விரிவது. வார்ப்புண்ணைப் பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் பார்க்கலாம். தொப்பை உருண்ட மட்டக்குதிரைகளில் வார் தானாக முன்னுக்கு ஓடி முழங்கையை முட்டும். அவற்றுக்கு முழங்கைப் பக்கம் உள்வாங்கி வெட்டிய வளைந்த வார்தான் தீர்வு. நேர் வாரை எவ்வளவு மிருதுவாகச் சுற்றினாலும் நகரும்.

அகலம் நான்கு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். இரண்டு அங்குல நைலான் பட்டை, அதாவது கிருஷ்ணகிரி பைபாஸில் லாரிச் சரக்குக் கட்டும் அதே பட்டையை வெட்டிப் பக்கிள் தைத்துக் கட்டுகிறார்களே, அதன் ஓரம் ரம்பம். கயிறு அதைவிட மோசம். தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைமேல் ஏறிப்போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் இயந்திரத்தைப் பார்ப்பார்கள். கழுதை வயிற்றுக்கு அடியில் கயிறு எப்படிப் போகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

பொருளில் மொஹேர் நல்லது, அங்கோரா ஆட்டு முடிக் கயிறுகளைப் பக்கம் பக்கமாகக் கோத்த வார். ஒவ்வொரு இழையும் தனியாக அசைவதால் தோலோடு சேர்ந்து நகரும், காற்றும் போகும். 17 இழை மெலிசு. 27 இழை அகலம், எடை பரவும். முழு மொஹேர் என்று சொல்லி ரேயான் கலந்து விற்பது உண்டு. ஒரு பிசிறை எடுத்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் முடி. காகிதம் எரியும் வாசனை வந்தால் ரேயான். உருகி மணியாகச் சுருண்டால் நைலான். நைலான் இழை வாரில் தோல் இழைகளுக்கு நடுவே சிக்கிக் கிள்ளும்.

தோல் வாரும் சோடையில்லை, கான்பூரிலிருந்து வருவதில் மூன்று மடிப்புத் தோல் வார் நல்ல ஏற்பாடு. மடிப்பின் உருண்டை விளிம்பு முன்னால், முழங்கைப் பக்கம் வர வேண்டும். திருப்பிக் கட்டினால் வெட்டு விளிம்பு அக்குளை அறுக்கும், இதைத் தலைகீழாகக் கட்டியிருப்பவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. மடிப்புக்குள் எண்ணெய் தோய்த்த ஃபிளானல் துண்டு ஒன்றை நீளவாக்கில் வைத்தால் உள்ளிருந்தே தோல் பதமாக இருக்கும். ஆமணக்கெண்ணெய் போதும். ஊற்ற வேண்டாம், பூச வேண்டும். மிஞ்சினால் தையல் நூல் இற்றுப்போகும்.

நீளம் எடுக்க, சேணத்தை மெத்தையோடு வைத்து, சேணத்தில் ஒரு பக்கம் தொங்கும் பட்டையின் நடு ஓட்டையிலிருந்து வயிற்றைச் சுற்றி மறுபக்கப் பட்டையின் நடு ஓட்டைவரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். கட்டிய பிறகு பக்கிள்கள் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில், இறுக்க மேலே இரண்டு ஓட்டையாவது மிச்சமிருக்க வேண்டும். குட்டை வார் வாங்குகிறவர்கள் பக்கிள் முழங்கை மட்டத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க வகையில் வாரின் முனை வளையம் மெத்தையின் கீழ் விளிம்பைத் தாண்டிக் கீழே வர வேண்டும், நடு வளையம் சரியாக இரண்டு முன்னங்காலுக்கும் மத்தியில். எலாஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் வைத்த வார் இழுக்கச் சுலபம். சுலபம் என்பதாலேயே அளவுக்கு மீறி இழுபடும். வைப்பதானால் இரண்டு பக்கமும்.

ஒரே இழுப்பில் இறுக்கக் கூடாது. முதலில் சேணம் நழுவாத அளவுக்கு மட்டும். பத்திருபது அடி நடத்தி ஒரு ஓட்டை. பிறகு முன்னங்காலை ஒவ்வொன்றாக முட்டியைப் பிடித்து முன்னால் நீட்டி விடுங்கள். வாருக்கு அடியில் மாட்டிய தோல் சுருக்கம் அப்போதுதான் விரியும். ஏறுமுன் இன்னொரு ஓட்டை. பத்து நிமிடம் கழித்து இறங்கி ஒருமுறை சரிபார்ப்பு. இரண்டு விரல் தட்டையாக நுழைகிறதா என்பதை விலாப்பக்கம் பார்க்காமல் அடியில், நெஞ்செலும்பு மேல் பார்க்க வேண்டும். விலாப்பக்கம் எப்போதும் தளர்வாகவே தெரியும், அதை நம்பி இழுத்துக்கொண்டே போவார்கள். வாரைக் கண்டதும் காதை மடித்துக் கடிக்க வரும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று அடிக்காதீர்கள். பழைய வார்ப்புண்ணோ வயிற்றுப்புண்ணோ இருக்கும்.

துடைப்பதும் உலர்த்துவதும்

குதிரைக்கு ஒன்று என்று தனித்தனி மெத்தை, வார். படர்தாமரை ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சுலபமான வழி பொது வார்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு செட் இல்லாமல் சமாளிக்க முடியாது, ஈர மெத்தையை மறுநாள் போட்டால் தோல் ஊறி உரிந்துவிடும். துவைக்கும் பவுடர் மிச்சம் தங்கினால் அதுவே அரிக்கும். நுரை நிற்கும்வரை அலசுங்கள். ஃபெல்ட்டை அடிக்கடி துவைக்க வேண்டாம், காய்ந்ததும் கெட்டி பிரஷால் உப்பைத் தட்டினால் போதும். உலர்த்துவது நிழலில், கொடியில். வேலியில் போட்டால் பார்த்தீனியமும் நாயுருவியும் ஏறிக்கொள்ளும்.

புண் வந்துவிட்டால் ஆறும்வரை சேணம் ஏறக் கூடாது. நடுவில் ஓட்டை வெட்டிய வளைய மெத்தை போட்டு ஓட்டுவது பழைய பழக்கம். ஓட்டையின் விளிம்பு புண்ணைச் சுற்றி ஒரு புது அழுத்த வளையத்தைத் தரும், உள்ளே வீங்கும். லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரால் கழுவலாம். பழைய இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் பூச வேண்டாம். ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் தொற்றும் பிராணிகளில் குதிரை முதல் வரிசை. தோல் கிழிந்திருந்தால் தடுப்பூசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கால்நடை மருத்துவரிடம் சொல்லி அன்றே பார்த்துவிடுங்கள்.

ஆறிய இடத்தில் முடி பெரும்பாலும் வெள்ளையாகவே முளைக்கும், முடியின் வேரில் நிறம் தருவது செத்திருக்கும். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போகிறவர்கள் பிடரிமேட்டின் இரண்டு பக்கமும், முழங்கைக்குப் பின்னாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குதிரையைச் சேணத்தோடு நிறுத்தியிருந்தால் விலை பேசுமுன் இறக்கச் சொல்லுங்கள். அமுக்கிக்கொண்டிருக்கும்வரை வீக்கம் தெரியாது. இறக்கிய பிறகுதான் மெல்ல எழும்பும். போய் ஒரு டீ குடித்துவிட்டு, அரை மணி கழித்து வந்து இன்னொருமுறை தடவிப் பாருங்கள்.